சென்செக்ஸும் ஒன்பதாம் வகுப்பும்

எங்கள் பள்ளியில் பொங்கல் விடுமுறை முடிந்து திரும்பியதும் ஒரு வேலை நடக்கும். அதற்குப் பெயர் கிடையாது. பிரின்சிபால் மேடம் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியைகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டு ஆளுக்கு ஓர் அரைத் தாள் கொடுப்பார். தலைப்பு இல்லாத வெறும் தாள். அடுத்த வருடம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தேறமாட்டார்கள் என்று நாங்கள் நினைக்கும் பிள்ளைகளின் பெயர்களை அதில் பென்சிலால் எழுதி, மடித்து, மாதம் முடிவதற்குள் அவர் மேசையில் வைக்க வேண்டும். ஏப்ரலில் அந்தப் பெற்றோர்களுக்குப் போன் போகும். "உங்க பொண்ணுக்கு இந்த சிலபஸ் கொஞ்சம் ஹெவியா இருக்கு. வேற ஸ்கூல்ல போட்டீங்கன்னா நல்லா ஷைன் பண்ணுவா" என்று தேன் தடவிச் சொல்வார்கள். டி.சி.யில் 'பெற்றோர் விருப்பத்தின் பேரில்' என்று எழுதுவோம். அப்படி ஒரு விருப்பம் இருந்த பெற்றோரை நான் கண்ணால் பார்த்ததில்லை.

கிழக்குத் தாம்பரத்தில் அந்தப் பள்ளியில் இருபது வருடத்துக்கும் மேலாகக் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். பத்தாம் வகுப்பில் எங்களுக்கு எப்போதும் நூறு சதவீதம் தேர்ச்சி. மே மாதம் ரிசல்ட் வந்த மறுநாளே கேட்டில் பேனர் கட்டிவிடுவார்கள். இரும்புலியூரிலிருந்து ஸ்கூட்டியில் வரும்போது திருப்பத்திலேயே அந்த '100' தெரியும். கணக்கில் பிள்ளைகள் கோட்டை விடுவதுதான் வழக்கம் என்பதால், அந்த நூறில் பெரும்பங்கு என்னுடையது என்று எனக்கு ஒரு நினைப்பு. நினைப்பு என்ன, கர்வம். அரைத் தாளைப் பற்றி எனக்குத் தூக்கம் கெட்டதே இல்லை. எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதானே என்று இருந்துவிட்டேன்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஜனவரியில் என் ஒன்பதாம் வகுப்பு 'சி' பிரிவில் எழுத வேண்டியிருந்தது ஒரே ஒரு பெயர்தான். வண்டலூர்ப் பக்கத்திலிருந்து ரயிலில் வருகிற பெண். அப்பா கேளம்பாக்கம் ரோட்டில் கம்பெனி வேன் ஓட்டுகிறார். அம்மா ஒரு துணிக்கடையில் வேலை. கணக்கில் அவள் வாங்கிய மதிப்பெண்கள் பத்தொன்பது, இருபத்து நான்கு, இருபத்தொன்று. தேற முப்பத்தைந்து வேண்டும். இந்த மாதிரிப் பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போது, ஆனால் அவள் பிரமாதமாகப் பாடுவாள், ஓட்டத்தில் முதல் என்று ஏதாவது ஒன்று சேர்ப்பார்கள். இவள் பாடமாட்டாள், ஓடமாட்டாள். தினமும் வருவாள். கரும்பலகையில் எழுதியதை முத்து முத்தாக நோட்டில் எழுதிக்கொள்வாள். விடை மட்டும் தப்பாக வரும். "எங்கடி தப்பு விட்ட?" என்று கேட்டால், "தெரியல மிஸ். வரும்போதே அப்படித்தான் வருது" என்பாள். எனக்குக் கோபமும் வரும், சிரிப்பும் வரும்.

அரைத் தாள் என் கைப்பையில் இருந்தது. எழுத ஒரு நிமிடம் ஆகாது. சனிக்கிழமை எழுதிக்கொள்ளலாம் என்று விட்டேன். ஏனென்றால் அந்த வாரம் எங்கள் வீட்டில் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

என் கணவர் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குக் குடியும் இல்லை, சீட்டும் இல்லை. சென்செக்ஸ் உண்டு. காலை ஒன்பதேகாலுக்குக் காபியோடு டிவி முன்னால் உட்கார்ந்தால், திரையின் அடியில் ஓடும் பச்சையும் சிவப்பும்தான் அவருக்கு ஜெபம், தியானம் எல்லாம். பச்சையாக இருந்தால் தோசைக்குச் சட்னி போதவில்லை என்று சொல்லமாட்டார். புதிதாக ஓர் ஆயிரத்தைத் தாண்டினால் அரைக் கிலோ ஜாங்கிரி வரும். தெருவில் இருக்கிற நாலு வீட்டுக்கும் கொடுப்பார். "என்ன சார் விசேஷம்?" என்றால், "மார்க்கெட் ஏறிடுச்சு" என்பார், ஏதோ இவரே தோளில் தூக்கிக் கொண்டுபோய் மேலே வைத்தமாதிரி.

இவ்வளவுக்கும் அவரிடம் இருந்தது ஒரே ஒரு கம்பெனியின் ஷேர். கிட்டத்தட்ட இருபது வருடத்துக்கு முன், கூட வேலை பார்த்த ஒருவர் சொல்லி, வந்த போனஸோடு என் நகைச்சீட்டுப் பணத்தையும் சேர்த்து நாற்பதாயிரத்துக்கு வாங்கினார். அப்போது அந்தக் கம்பெனி பெயரைச் சொன்னால் தெரியாதவர்கள் இல்லை. சென்செக்ஸில் இருக்கும் முப்பது கம்பெனிகளில் அதுவும் ஒன்று. "நம்ம கம்பெனி சென்செக்ஸ்லயே இருக்கு. சென்செக்ஸ் ஏறினா அது ஏறினமாதிரிதானே" என்பார். அதன் பிறகு அந்த ஷேரின் விலையை அவர் தனியாகப் பார்த்ததே இல்லை. தினமும்தான் டிவியில் பார்க்கிறாரே!

அந்த ஜனவரியில் மொட்டைமாடி ஒழுகுவதைச் சரிசெய்து, மேலே ஓர் அறையும் போடலாம் என்று முடிவெடுத்தோம். கணவர் காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டார். வாங்கியபோது சென்செக்ஸ் இவ்வளவு, இப்போது இவ்வளவு, ஏறக்குறைய பத்து மடங்கு. ஆக நாற்பதாயிரம் என்பது நான்கு லட்சம். தாளை என்னிடம் நீட்டினார். நான் கண்ணாடி போட்டுப் பார்த்து, ஒரு டிக்கும் அடித்துக் கொடுத்தேன். இருபத்திரண்டு வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள்! பெருக்கல் சரியாக இருந்தது. எதை எதோடு பெருக்குகிறோம் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

சனிக்கிழமை இருவரும் ஷேரை விற்கக் கிளம்பினோம். அவருடைய கணக்கு இருந்த புரோக்கர் ஆபீஸ் மேற்குத் தாம்பரத்தில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, குறுகலான மாடிப்படி ஏறிப் போகிற இடம். உள்ளே மூன்று மேசை, ஒரு ஏசி, சுவரில் ஓடிக்கொண்டிருந்த டிவி. நான் படியேறிய மூச்சிரைப்பில், "யாரும்மா இங்க பாக்குறது?" என்று கேட்டேன். என் குரல் கேட்டதும் நடு மேசையில் இருந்த பெண் சட்டென்று எழுந்து நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும்.

தாம்பரத்தில் எனக்கு இது பழகிய விஷயம். வங்கி, மருந்துக்கடை, சர்ச் என்று எங்கே போனாலும் ஒருத்தியாவது இப்படி எழுந்து நிற்பாள். எனக்கு அதில் ஒரு சுகம்.

"மிஸ், நீங்களா? உக்காருங்க மிஸ். சார், வாங்க."

"நீ நம்ம ஸ்கூலா? எந்த பேட்ச்மா?"

பத்தாவது எழுதிய வருடத்தைச் சொன்னாள். எனக்கு முகமெல்லாம் பல். "அட! நாம முதன்முதல்ல நூறு பர்சென்ட் எடுத்த பேட்ச் ஆச்சே!" என்றேன். கணவர் பக்கம் திரும்பி, "என் கையில வந்த முதல் நூறு, இவங்க பேட்ச்தான்" என்று பெருமையடித்தேன். அந்தப் பெண் சிரித்தாள். கணவரிடம் கணக்கு எண்ணைக் கேட்டு வாங்கித் தட்டினாள்.

திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மறுபடியும் எண்ணைச் சரிபார்த்தாள். "சார், இந்த ஒண்ணுதானா? வேற எதுவும் இல்லையா?" என்றாள்.

"ஒண்ணுதான்மா. ஆனா நல்ல ஒண்ணு" என்றார் இவர்.

"நேத்து விலைக்கு வித்தா ஒரு பதினோராயிரம் வரும் சார்."

நாங்கள் இருவரும் ஒன்றாகச் சிரித்தோம். ஒரு சைபரை விட்டுவிட்டாள் என்று நினைத்தோம். அப்படிப் பார்த்தாலும் நான்கு லட்சம் வரவில்லையே என்று எனக்கு இரண்டு நொடி கழித்துத்தான் உறைத்தது. அவள் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஷேரின் விலை, வாங்கிய விலையில் கால்வாசிக்கும் கொஞ்சம் மேலே இருந்தது.

"சென்செக்ஸ் பத்து மடங்கு ஏறியிருக்கேம்மா!" என்றார் கணவர். குரல் உயர்ந்துவிட்டது. "அந்த முப்பதுல இதுவும் ஒண்ணுதானே?"

"இருந்துச்சு சார். அதை எடுத்து ரொம்ப வருஷம் ஆச்சு."

"எடுத்துட்டாங்களா? யாரு எடுத்தா?"

அவள் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, பொறுமையாகச் சொன்னாள். சென்செக்ஸ் என்பது ஊரில் உள்ள எல்லாக் கம்பெனிகளின் நிலவரம் இல்லை. பெரிய கம்பெனிகளாக முப்பதைப் பொறுக்கி எடுத்து, அவற்றின் ஷேர்களில் சந்தையில் கைமாறக்கூடியவை மொத்தம் என்ன விலைக்குப் போகின்றன என்று கூட்டி, அதை ஒரு எண்ணால் வகுக்கிறார்கள். அந்த முப்பதிலும் எல்லோருக்கும் ஒரே மரியாதை கிடையாது. பெரிய கம்பெனி ஓர் அடி வைத்தால் சென்செக்ஸ் ஆடும். கடைசியில் இருப்பது கீழே விழுந்தாலும் சத்தம் கேட்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பட்டியலைப் பார்ப்பார்கள். சுருங்கிப் போனதை எடுத்துவிட்டு, வளர்ந்து வருகிற ஒன்றை உள்ளே விடுவார்கள். இருபது வருடத்துக்கு முன் இருந்த முப்பதில் பாதிக்கு மேல் இன்று அதில் இல்லை என்றாள்.

கணவர் டிவியைப் பார்த்தார். அன்று சனிக்கிழமை என்பதால் முந்தின நாள் எண்ணே நின்றுகொண்டிருந்தது, பச்சையில்.

எனக்குக் கணக்குப் புத்தி விழித்துக்கொண்டது. "இரும்மா. ஒரு கம்பெனியை எடுத்துட்டு அதைவிடப் பெருசா இன்னொண்ணைப் போட்டா டோட்டல் கூடிடுமே. அன்னைக்கு எண்ணு குதிக்கணுமே? இவர் தினமும் பாக்குறாரு, குதிச்சமாதிரி தெரியலையே?"

"சூப்பர் மிஸ். டோட்டல் மாறும். அதனாலதான் கீழ வகுக்கிற நம்பரையும் சேர்த்து மாத்திடுவாங்க. நேத்து சாயங்காலம் என்ன வந்துச்சோ, ஆளை மாத்தின பிறகும் அதேதான் வரணும். அங்கேருந்து கோடு தொடர்ந்து போகும். ஆள் மாறினது பாக்குறவங்களுக்குத் தெரியவே தெரியாது."

வகுக்கும் எண்ணை மாற்றிவிடுவது! எவ்வளவு சுத்தமான வேலை என்று எனக்கு முதலில் மகிழ்ச்சிதான் வந்தது. நல்ல கணக்கைப் பார்த்தால் வருகிற மகிழ்ச்சி அது. கரும்பலகை இருந்திருந்தால் எழுதிப் பார்த்திருப்பேன்.

கணவருக்கு அந்த மகிழ்ச்சி எல்லாம் இல்லை. "நான் தினமும் பார்த்தேனேம்மா" என்றார் தாழ்ந்த குரலில். "வெளிய போன கம்பெனி, அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு சென்செக்ஸ்ல எங்க தெரியும்?"

"எங்கயும் தெரியாது சார். அதைத் தனியாத் தேடிப் போய்ப் பார்த்தாத்தான் உண்டு." சொல்லிவிட்டு அவள் பேனாவை மூடி மேசையில் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "மிஸ், தப்பா எடுத்துக்காதீங்க. நான் அந்த நூறு பர்சென்ட் பேட்ச்ல இல்ல. ஒன்பதாவதோட எனக்கு டி.சி. கொடுத்துட்டீங்க. பத்தாவது கவர்மென்ட் ஸ்கூல்லதான் எழுதினேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் எகிறியிருப்பேன், தப்பித்திருப்பேன். அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன். ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சு, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை. ஒன்பதாம் வகுப்பில் என் வகுப்பு. அந்தப் பெயரை எழுதியது என் கைதான்.

"அம்மா ஆபீஸ் ரூம்ல அழுதாங்க மிஸ். பத்தாவதுக்குன்னு யூனிஃபார்ம் துணி எடுத்துத் தைக்கக் கொடுத்துட்டோம். அதைத் திருப்பி வாங்கப் போகவே எனக்கு வெக்கமா இருந்துச்சு."

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "நல்லவேளைம்மா, இன்னைக்கு இவ்ளோ நல்லா வந்துட்டியே" என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமான பேச்சு என்று தெரிந்தது.

"நான் வந்துட்டேன் மிஸ். அன்னைக்கு என்கூட இன்னும் ரெண்டு பேருக்கு டி.சி. கொடுத்தீங்க. அவங்களை நீங்க இப்படி எங்கயும் பாக்கல இல்லையா?" என்றாள். பிறகு அவளே பேச்சை மாற்றி, "சார், அவசரப்பட்டு விக்க வேணாம்னு நான் சொல்லமாட்டேன். வித்துட்டு வேற நல்லதா எதுலயாவது போடுங்க" என்று படிவத்தை எடுத்தாள். கணவர் கையெழுத்துப் போட்டார். கிளம்பும்போது வாசல் வரை வந்து வழியனுப்பினாள். "படி பாத்து மிஸ்" என்றாள். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் ஏறிக் கிழக்குப் பக்கம் இறங்கும் வரை இவர் எனக்கு முன்னால் தனியாக நடந்தார். கணவர் பணம் போனதற்கு வருந்துகிறார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும், "ஏன், அந்தப் பொண்ணு நிஜமாவே மக்கா?" என்று கேட்டார். "முப்பது மார்க் வாங்கிட்டு இருந்தா" என்றேன். "அஞ்சு மார்க்குக்காகவா?" என்றார். என் கணவர் என்னை அப்படிப் பார்த்தது அதற்கு முன்பு இல்லை.

அன்று மாலை ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் எழுதிக்கொடுத்த பெயர்களை எழுதிப் பார்க்கலாம் என்று. வருடத்துக்கு இரண்டு மூன்று என்று வைத்தாலும் ஐம்பதுக்குக் குறையாது. பதினொரு பெயர்தான் ஞாபகம் வந்தது. பேனரில் போட்டோ வந்த பிள்ளைகளைக் கேட்டிருந்தால் மதிப்பெண்ணோடு ஒப்பித்திருப்பேன். இந்தப் பதினொரு பேரில் அன்று பார்த்த ஒருத்தியைத் தவிர மற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள், படித்தார்களா, நிறுத்திவிட்டார்களா, ஒன்றும் எனக்குத் தெரியாது. ஒருநாளும் விசாரித்ததில்லை. பிறகு கணக்காவது போட்டுப் பார்ப்போம் என்று தொடங்கினேன். இவர்களையும் சேர்த்தால் எங்கள் உண்மையான தேர்ச்சி சதவீதம் என்ன? அதையும் போட முடியவில்லை. அவர்களில் எத்தனை பேர் தேறியிருப்பார்கள் என்பது யாருக்குத் தெரியும்? அன்று பார்த்தவளே கவர்மென்ட் ஸ்கூலில் கணக்கில் தேறித்தானே வந்திருக்கிறாள். அவள் எங்களிடம் இருந்திருந்தாலும் அந்த நூறு குறையாமல்தான் இருந்திருக்கும்.

சதவீதம் என்றால் மேலே ஓர் எண், கீழே ஓர் எண். மேலே இருப்பதைக் கூட்டத்தான் நான் பாடுபடுகிறேன் என்று இருபத்திரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு ஜனவரியும் நான் செய்தது கீழே இருப்பதைக் குறைக்கிற வேலை. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிகிற பின்னக் கணக்கு. அதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு ஷேர் புரோக்கர் ஆபீஸ் தேவைப்பட்டிருக்கிறது.

நியாயமாகப் பார்த்தால் சென்செக்ஸை நான் குறை சொல்ல முடியாது. அது யாரையும் ஏமாற்றவில்லை. 'நான் பெரியவர்களின் பட்டியல், சிறுத்துப் போனால் எடுத்துவிடுவேன்' என்று சொல்லித்தான் வைத்திருக்கிறது. யாரை எடுத்தோம், யாரைச் சேர்த்தோம் என்று பேப்பரிலும் போடுகிறார்கள். படிக்காமல் விட்டது நாங்கள். தவிர, கம்பெனிக்கு இரட்டைச் சடை கிடையாது, தைக்கக் கொடுத்த யூனிஃபார்ம் கிடையாது. நாங்கள்தான் எல்லோரையும் படிக்கவைக்கிறோம் என்று போர்டு வைத்துக்கொண்டு ரகசியமாகப் பென்சிலில் எழுதினோம்.

திங்கட்கிழமை அரைத் தாளை வெறுமையாகவே கொண்டுபோய் மேடம் மேசையில் வைத்தேன். தைரியமாக வைத்தேன் என்று எழுத ஆசைதான். ஓய்வுக்கு இரண்டே வருடம். தனியார் பள்ளியில் போகச் சொன்னால் போக வேண்டியதுதான்.

மேடம் தாளைப் புரட்டிப் பார்த்தார். "'சி' செக்ஷன்ல ஒருத்தர் கூடவா இல்ல? அந்த வண்டலூர் பொண்ணு?"

"அவ இருக்கட்டும் மேடம்."

"டீச்சர், ஒரு பொண்ணால நூறு போகும். பக்கத்து ஸ்கூல் பேனர்ல நூறு இருக்கும். எல்.கே.ஜி. அட்மிஷன் மொத்தமும் அங்க போகும். நம்ம எல்லார் சம்பளமும் அந்த அட்மிஷன்லதான் வருது. இது உங்களுக்கு நான் சொல்லணுமா?"

அவர் பொய் சொல்லவில்லை. பள்ளியை நடத்துகிற பாரம் அவருக்கு உண்டு. அவரை வில்லியாக்கிவிட்டு நான் நல்லவளாகிவிட முடியாது. அத்தனை வருடம் பென்சில் என் கையில்தான் இருந்தது.

"நூறு நம்மகிட்ட எப்பவும் இருந்ததே இல்ல மேடம்" என்றேன். "இருந்தமாதிரி எழுதிக்கிட்டோம், அவ்ளோதான்."

மேடம் வெற்றுத் தாளை மடித்து டிராயரில் போட்டார். பிறகு, "சரி. அடுத்த வருஷம் டென்த் 'சி' நீங்களே எடுங்க. ரிசல்ட்டுக்கும் நீங்களே பொறுப்பு" என்றார். வெளியே வந்தபோது வராந்தாவில் பெருக்கிக்கொண்டிருந்த ஆயாம்மா என்னை நிறுத்தி, "இன்னா மிஸ், மூஞ்சி ஒருமாதிரி கீது? பிரஷர் மாத்திரை போட்டியா?" என்று கேட்டார். போட்டேன் என்றேன்.

அந்தப் பெண் பத்தாம் வகுப்புக்கு வந்தாள். அவள் அம்மாவுக்கு எந்தப் போனும் போகவில்லை. நடந்தது எதுவும் அவர்களுக்குத் தெரியாது என்று நினைத்தேன். நான் அவளோடு மதிய வேளையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு வருடத்தில் அவள் தலைகீழாக மாறிவிட்டாள் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். இருபத்தொன்று இருபத்தாறு ஆனது. டிசம்பரில் முப்பத்து மூன்று வாங்கினாள். திருப்புதல் தேர்வில் ஒருமுறை முப்பத்தாறு. அன்று இருவரும் சேர்ந்து ஆளுக்கொரு சமோசா சாப்பிட்டோம். அடுத்த தேர்வில் மறுபடியும் இருபத்தொன்பது. சில நாள் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவளுக்காகவா நான் மேடத்திடம் மோதினேன் என்று கூடத் தோன்றியிருக்கிறது. தோன்றவில்லை என்று சொன்னால் பொய்.

மே மாதம் ரிசல்ட் வந்த அன்று காலை நான் ஸ்டாஃப் ரூமில் போனை வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தியாகப் பார்த்தேன். முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்தேழு பேர் பாஸ். அவளுடைய பதிவு எண்ணைப் போட்டபோது, தேறாதவர்களுக்கு வரும் ரோஸ் நிறத்தில் வந்தது. தமிழ் எழுபத்து நான்கு, சமூக அறிவியல் அறுபத்தெட்டு, மற்றவை ஐம்பதுகளில். கணக்கு முப்பத்தொன்று.

நான்கு மதிப்பெண். மற்ற செக்ஷன்கள் எல்லாம் நூறு. பள்ளி முழுவதிலும் தேறாதவள் அவள் ஒருத்திதான். மேடம் என் பக்கமே வரவில்லை. சக ஆசிரியைகள் என் மேசையைத் தாண்டும்போது சத்தம் குறைந்தது. சின்னவளாக இருந்தால் பாத்ரூமில் போய் அழுதிருப்பேன். அப்போது எனக்குள் ஒரு குரல், பழைய குரல், அன்றைக்கே பேசாமல் எழுதிக் கொடுத்திருக்கலாமே என்றது.

பதினோரு மணி இருக்கும். அவள் வந்தாள், தனியாக. அம்மாவுக்குக் கடையில் லீவு கிடைக்கவில்லையாம். மற்ற பிள்ளைகள் வாசலில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த கூட்டத்தைத் தாண்டி, ஸ்டாஃப் ரூம் கதவோரமாக வந்து நின்றாள். அழுது முடித்த முகம். நான் எழுந்து வெளியே போனேன்.

"மிஸ், என்னாலதான நூறு போச்சு?" என்றாள். "ஒன்பதாவதுல என்னை அனுப்பப் போறாங்கன்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க. நீங்கதான் வச்சுக்கிட்டீங்கன்னு எனக்குத் தெரியும் மிஸ். நான் போயிருந்தா இப்ப உங்களுக்கு நூறு வந்திருக்கும் இல்ல?"

இல்லடி, அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன். பெரியவர்கள் சொல்கிற பொய். ஒன்றரை வருடமாக அந்தப் பிள்ளை இதைத் தெரிந்துகொண்டே என் முன்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறாள். அவளிடம் போய்ச் சொல்லவா?

"ஆமா, உன்னாலதான்" என்றேன். அவள் முகம் சுருங்குவதற்குள் தோளைப் பிடித்துக்கொண்டேன். "நாங்க இத்தனை வருஷமா போட்ட கணக்கெல்லாம் தப்பு. உன்னாலதான்டி இந்த வருஷம் ஒழுங்கா வந்திருக்கு."

அவளுக்கு அது புரிந்திருக்காது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, துணைத்தேர்வுக்கு என்றைக்குள் பணம் கட்ட வேண்டும் என்று கேட்டாள். எனக்கும் தேதி தெரியவில்லை. இருவரும் ஆபீஸ் ரூமுக்குக் கேட்கப் போனோம்.